தலைவர் மறையும்போது: கண்ணீருக்கும் நாவுக்கும் உள்ள எல்லை



ஜவ்வாது மலையின் காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களான வாணியம்பாடியிலும் ஆலங்காயத்திலும் திருப்பத்தூரிலும் வாழும் நம்மவர்களுக்கு அது பள்ளிப் பருவத்திலிருந்தே பழகிய பெயர். 2018 ஜூலை 27ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அந்த மலையின் மேலிருந்த வானத்தில் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. நிலவு முழுவதும் நிழலில் மறைந்திருந்த நேரம் 1 மணி 43 நிமிடம். இந்த நூற்றாண்டிலேயே மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம் அதுதான். அதே நள்ளிரவில்தான் கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் கோபாலபுரம் இல்லத்திலிருந்து காவேரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பதினோராம் நாள், ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை மாலை 6.10 மணிக்குத் தமது 94ஆம் வயதில் அவர் காலமானார்.

இரண்டு செய்திகளும் ஒரே இரவில் வந்தன. எனவே அவற்றை இணைத்துப் பேசும் பேச்சும் உடனே எழுந்தது. "கிரகணம் பிடித்த நேரத்தில் கிளம்பினார், இனித் திரும்புவது கடினம்" என்று தேநீர்க் கடைகளில் சொன்னார்கள். பிற சமயச் சகோதரர்கள் சொன்னதில் நமக்கு வியப்பில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலரும் தலையசைத்து அதையே சொன்னபோதுதான் ஒரு பழைய நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது.

மதீனாவில் ஒரு கிரகணம்

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடி மாறாத பருவத்தில் இறந்தார்கள். அன்றைய தினமே சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபியவர்களின் மகன் இறந்ததால்தான் சூரியன் ஒளியிழந்தது என்று மதீனத்து மக்கள் பேசிக்கொண்டார்கள். தம் செல்வத்தின் புகழை உயர்த்திக்கொள்ள விரும்பும் எந்தத் தலைவரும் அந்தப் பேச்சை மறுத்திருக்க மாட்டார். அண்ணலாரோ மக்களை ஒன்றுதிரட்டித் தொழுகை நடத்தி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

இதே இப்ராஹீமின் மறைவின்போது அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்ததையும் நாம் அறிவோம். இது என்ன என்று தோழர் ஒருவர் வியந்தபோது, இது கருணை என்று விடையளித்தார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் இறைவன் பொருந்திக்கொள்ளாத எதையும் நாம் பேசுவதில்லை என்பதே அவர்களுடைய போதனையின் சாரம்.

கண்ணுக்கு அனுமதி உண்டு. நாவுக்கு எல்லை உண்டு. ஒரு தலைவர் மறையும் ஒவ்வொரு முறையும் நம் தமிழ்ச் சமூகம் தடுமாறுவது இந்த எல்லையில்தான்.

தமிழ்நாடு கண்ட துக்கங்கள்

நம் மாநிலம் தலைவர்களின் மறைவுக்குப் பெருங்கூட்டமாகக் கூடி அழும் மாநிலம். 1969 பிப்ரவரி 3 அன்று அறிஞர் அண்ணா மறைந்தபோது சென்னையில் திரண்ட மக்கள் வெள்ளம் இன்றுவரை பேசப்படுகிறது. அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எளியவர்களுக்கு முதன்முறையாக மதிப்பளித்த ஒருவருக்காக எளியவர்கள் அழுதார்கள்.

ஆனால் அன்பு எல்லை கடந்த நாள்களும் உண்டு. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது கடைகள் சூறையாடப்பட்டன. அண்ணா சாலையில் நின்ற கருணாநிதியின் சிலை கடப்பாறையால் இடித்துத் தள்ளப்பட்டது. துயரம் தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா அவர்கள் மறைந்தபின், அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று அவருடைய கட்சி நூற்றுக்கணக்கான பெயர்களை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. 2018இல் ராஜாஜி மண்டபத்தில் கருணாநிதியின் உடலைக் காணச் சென்ற கூட்ட நெரிசலில் குறைந்தது இருவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர்.

ஒரு மனிதர் 94 ஆண்டுகள் வாழ்ந்து முடித்துச் சென்றார். அவரைக் காணப் போன ஓர் ஏழை வீட்டின் மனிதர் திரும்பி வரவில்லை. முதல் இறப்பைத் தடுக்க யாராலும் இயலாது. இரண்டாவது இறப்பு நிகழ்ந்திருக்கவே வேண்டியதில்லை.

உலகம் கண்ட மிகப் பெரிய இழப்பு எது என்று ஒரு முஸ்லிமிடம் கேட்டால் விடை ஒன்றுதான். அந்த நாளில் மதீனாவில் என்ன நடந்தது? வீரத்துக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) அவர்களே நம்ப மறுத்தார்கள். நபியவர்கள் இறக்கவில்லை, மூஸா (அலை) அவர்கள் இறைவனைச் சந்திக்கச் சென்று திரும்பியதுபோல் திரும்பி வருவார்கள் என்று முழங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்தார்கள். போர்வையை விலக்கி அந்தத் திருமுகத்தை முத்தமிட்டு அழுதார்கள். பிறகு வெளியே வந்து, முஹம்மதை வணங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர் இறந்துவிட்டார் என்பதை அறியட்டும், அல்லாஹ்வை வணங்குகிறவர்கள் அவன் என்றும் உயிரோடிருப்பவன் என்பதை அறியட்டும் என்னும் கருத்தை மக்கள் முன் வைத்தார்கள். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 144ஆம் வசனத்தை ஓதினார்கள். அதைக் கேட்ட உமர் (ரலி) அவர்களின் கால்கள் தளர்ந்து தரையில் சாய்ந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. அபூபக்ர் (ரலி) முதலில் அழுதார்கள்; பிறகு உண்மையைச் சொன்னார்கள். அழாதவர் சொல்லும் உண்மை கல்நெஞ்சாக ஒலிக்கும். உண்மையை மறந்தவர் அழும் அழுகை வழிபாடாக மாறிவிடும். நேசத்தில் எவருக்கும் குறையாத அந்த உத்தமர்களே தங்கள் தலைவரைத் தெய்வமாக்கவில்லை. நம் கைப்பேசியின் நிலைப்பதிவில் ஓர் அரசியல் தலைவரை "இறைவனே", "எங்கள் கடவுளே" என்று விளிக்கும் இளைஞர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். கட்சியில் இருப்பது தவறில்லை. கலிமா சொன்ன நாவு எந்தச் சொல்லைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும்.

மறுபுறத்து வரம்பு மீறல்

இதற்கு நேர்மாறான ஒரு நோய் நம்மிடையே இன்னும் வேகமாகப் பரவுகிறது. ஆகஸ்ட் 7 மாலை நம் மஹல்லா வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் நாம் கண்டது இது. ஒரு சகோதரர் இரங்கல் தெரிவித்தார். அடுத்த நிமிடமே மற்றொருவர், "நாத்திகருக்கு என்ன இரங்கல்?" என்று கேட்டார். மூன்றாமவர் இறந்தவர் இப்போது எங்கே இருப்பார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நான்காமவர் வசை பாடினார். இஷாவுக்குள் இரண்டு குடும்பங்கள் குழுவிலிருந்து வெளியேறின. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே ஸஃப்பில் நின்றவர்கள் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. இறந்தவருக்கு இதனால் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. உறவை இழந்தது நாம்தாம்.

கசப்புக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கோவைக் கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தபோது முதலமைச்சர் பொறுப்பில் இருந்தவர் அவர். 1999 முதல் 2003 வரை அவருடைய கட்சி வாஜ்பாய் அமைச்சரவையில் பங்குகொண்டது. அந்த வலி கோவையின் வீடுகளில் இன்னும் ஆறவில்லை. மறுபக்கம், 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கெனத் தனி ஒதுக்கீடு அவருடைய ஆட்சியில்தான் சட்டமாயிற்று. அந்த 3.5 விழுக்காட்டின் வழியே மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆன பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பது நீதியன்று.

அப்படியானால் இறந்தவரைப் பற்றிக் குறையே பேசக்கூடாதா? இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாம் முற்படுத்தியவற்றிடம் சென்றடைந்துவிட்டார்கள் என்னும் கருத்துள்ள ஹதீஸை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இறந்தவர்களை ஏசி உயிரோடிருப்பவர்களைப் புண்படுத்தாதீர்கள் என்னும் கருத்திலும் ஓர் அறிவிப்பு திர்மிதியில் உண்டு. ஏசுவது வேறு, ஆராய்வது வேறு. ஹதீஸ் கலை அறிஞர்கள் மறைந்துபோன ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். மார்க்கத்தின் தேவைக்காக, சான்றுகளோடு, அளவான சொற்களில் அது செய்யப்பட்டது. ஓர் ஆட்சியாளரின் கொள்கைகளை வரலாறாக எழுதுங்கள், கூட்டம் போட்டு விவாதியுங்கள், அடுத்த தேர்தலில் வாக்காக வெளிப்படுத்துங்கள். ஆனால் உடல் இன்னும் மண்ணுக்குள் போகாத நேரத்தில் வசைச் சொல்லைப் பகிர்வது ஆராய்ச்சியும் ஆகாது, வீரமும் ஆகாது.

இறந்தவர் எங்கே இருப்பார் என்று தீர்ப்பு எழுதும் சகோதரருக்கு ஒரு சொல். அந்த நீதிமன்றம் நம்முடையது அன்று. நமக்கே அங்கு வழக்கு இருக்கிறது.

முஸ்லிமல்லாதவருக்காக வருந்தலாமா?

இந்தக் கேள்வியை நேர்மையாகவே கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவான விடை தர வேண்டியது நம் கடமை.

ஈமான் கொள்ளாமல் இறந்தவருக்காகப் பாவமன்னிப்புக் கோரும் துஆவுக்கு மார்க்கம் வரையறை வைத்திருக்கிறது. தவ்பா அத்தியாயத்தின் 113ஆம் வசனத்தை நாம் அறிவோம். அந்த வரையறையை எவருக்காகவும் தளர்த்த நமக்கு உரிமை இல்லை. ஆனால் மன்னிப்புக் கோரும் துஆ வேறு. வருத்தம், மரியாதை, நன்றி, ஆறுதல் ஆகியவை வேறு.

அபூதாலிப் அவர்கள் இஸ்லாத்தை ஏற்கவில்லை. ஆயினும் குறைஷியரின் கொடுமைக்கு எதிராக நபியவர்களுக்குக் கேடயமாக நின்றார்கள். அவர்களும் அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே வரலாறு குறிக்கிறது. தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபியவர்களுக்கு மக்காவுக்குள் நுழையப் பாதுகாப்பளித்தவர் முத்இம் இப்னு அதீ. தம் மக்களுக்கு ஆயுதம் தரித்து அழைத்து வந்து, முஹம்மத் என் அடைக்கலத்தில் இருக்கிறார் என்று அறிவித்தவர் அவர். அவரும் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார். பத்ருப் போரில் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் மட்டும் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால், அவருக்காகவே இவர்களை விடுவித்திருப்பேன் என்னும் பொருள்பட அண்ணலார் கூறினார்கள். நபியவர்களின் கவிஞரான ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் முத்இமின் மறைவுக்கு இரங்கற்பா பாடியதாகவும் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

ஒரு யூதரின் சவ ஊர்வலம் கடந்து சென்றபோது அண்ணலார் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. எழுந்து நின்றதால் ஈமானுக்குக் குறைவு வந்ததா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 1972 ஏப்ரல் 5 அன்று கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் சென்னையில் மறைந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் தமிழின் உரிமைக்காகக் குரல் எழுப்பியவர்; மஞ்சேரித் தொகுதி மக்களால் மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டவர். வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டபோது நம் பாட்டன்மார் மட்டும் அழவில்லை. கடவுள் மறுப்பையே கொள்கையாகக் கொண்ட பெரியாரும், அன்றைய முதலமைச்சர் கருணாநிதியும் இறுதி மரியாதை செலுத்தினார்கள். இவர் தொழுகையாளி, இவருக்கு நாங்கள் ஏன் வருந்த வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நம் வீட்டு இழப்புக்கு வந்து நின்றவர்களின் வீட்டில் இழப்பு நேரும்போது கதவைச் சாத்திக்கொள்வது எந்த அகராதியில் ஈமான் எனப்படும்?

அன்று பேருந்து நிலையத்தில்

தலைவர் மறைந்த செய்தி வந்த அந்த மாலையில் மலையடிவாரத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் நாம் கண்ட காட்சியைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. ஒவ்வொரு கடையாகக் கதவு இறங்கியது. பேருந்துகள் நின்றுவிட்டன. மலையிலிருந்து தேனும் சாமையும் விற்க இறங்கி வந்திருந்த மலையாளி இன மக்கள் சிலர், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போக வழியின்றி மேடையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு தாயின் மடியில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. மருந்துக்கடையும் மூடிக் கிடந்தது. "யாருங்க செத்தது?" என்று அந்தத் தாய் கேட்டார். சொன்னோம். "ஐயோ பாவம்" என்று உண்மையாகவே வருந்தினார். பிறகு, "பஸ் எப்பங்க வரும்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

மக்ரிபு முடிந்து வந்த இளைஞர்கள் இருவர், மருந்துக்கடைக்காரரின் வீடு தேடிச் சென்று கதவைத் தட்டி மருந்து வாங்கி வந்தார்கள். அருகிலிருந்த வீடுகளிலிருந்து ரொட்டியும் தேநீரும் வந்தன. பள்ளிவாசல் திண்ணையில் அவர்கள் இரவைக் கழித்தார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்த நாளில், அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபியவர்கள் தோழர்களைப் பணித்தது நினைவுக்கு வந்தது. நம் மார்க்கத்தில் துக்கத்தின் முதல் வேலை அடுப்பு மூட்டுவது. துக்கத்தால் தவிப்பவர் யாராயினும் அவர் பசியாறட்டும் என்பதுதான்.

கடையடைப்பைப் பற்றி நம் வணிகர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அச்சத்தால் அடைத்தாலும் மரியாதைக்காக அடைத்தாலும், அந்த நாளின் இழப்பை முதலில் சுமப்பவர் நாள்கூலிக்காரர். ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழிற்கூடங்களிலும் காலணிப் பட்டறைகளிலும் உணவகங்களிலும் அன்றாடக் கூலியை நம்பிய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தலைவருக்கு மரியாதை செய்ய விரும்பும் முதலாளி, மூடிய நாளுக்கும் கூலியைக் கொடுக்கட்டும். எளியவர்களுக்காக வாழ்ந்தவர் என்று ஒருவரைப் புகழ்ந்துவிட்டு, அவர் பெயரால் எளியவரின் அடுப்பை அணைப்பது பொருந்தாது. மருந்துக்கடையும் பால்கடையும் எந்தத் துக்கத்திலும் திறந்திருக்கட்டும்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

மரணத்தைப் பற்றி நம் பிள்ளைகள் முதலில் கற்பது மத்ரஸாவில் அன்று. வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சியின் முன். ஒரு தலைவரின் இறுதி ஊர்வலம் ஓடிக்கொண்டிருக்கும்போது தந்தை என்ன சொல்கிறார், தாய் எப்படிப் பெருமூச்சு விடுகிறார் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். தந்தை கெட்ட வார்த்தை சொன்னால், மாற்றுக் கருத்துள்ளவர் இறந்தால் மகிழ வேண்டும் என்று கற்கிறார்கள். தாய் மார்பில் அடித்துக்கொண்டால், மனிதரை இழந்தால் எல்லாம் போயிற்று என்று கற்கிறார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதையும் ஆடையைக் கிழித்துக்கொள்வதையும் நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள். மற்றெவருக்கும் மூன்று நாளைக்கு மேல் துக்கக் கோலம் இல்லை என்றும் வரையறுத்திருக்கிறார்கள். துயரத்துக்கும் ஒரு கரை வேண்டும் என்பதற்கே இந்த வரையறை.

அந்த இரவில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி மூன்று செய்திகளைச் சொல்லலாம். இவர் இன்ன நன்மை செய்தார், அதற்கு நன்றி உடையவர்களாய் இருப்போம். இவர் இன்ன இடத்தில் தவறினார் என்று நாம் கருதுகிறோம், அத்தவறு நம்மிடமும் வராமல் பார்த்துக்கொள்வோம். இவரைப் போல நாமும் ஒருநாள் போவோம், அதற்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறோம் என்று எண்ணுவோம். இந்த மூன்றையும் சொல்லும் குடும்பத்தில் வெறியும் வளராது, வெறுப்பும் வளராது.

காவலூருக்கே மீண்டும் வருவோம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கனவு கண்டு அதற்காக உழைத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982இல் அவர் இறந்தபோது அது முழுமை பெற்றிருக்கவில்லை. உடன் உழைத்தவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1986இல் அது அவர் பெயரையே தாங்கி இயங்கத் தொடங்கியது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்றால் இதைவிட வேறு என்ன? ஒரு தலைவரை உண்மையாக நேசித்தவர் அவர் விட்டுச்சென்ற நல்ல வேலையை எடுத்துச் செய்யட்டும். அந்த 3.5 விழுக்காட்டில் படித்து வேலைக்கு வந்தவர், மலையடிவாரத்தில் கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்தப்போகும் ஒரு பிள்ளையைத் தேடிச் செல்லட்டும். அது பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்த அந்தத் தாயின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஒரு ஜனாஸா கடந்தபோது மக்கள் நல்லவிதமாகப் பேசினார்கள். இன்னொன்று கடந்தபோது தீயவிதமாகப் பேசினார்கள். இரண்டின்போதும் நபியவர்கள், உறுதியாகிவிட்டது என்று கூறி, பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்று விளக்கினார்கள். சாட்சி சொல்பவரின் நாவு தூய்மையாக இருக்க வேண்டும். நாளை நம் ஜனாஸா கடக்கும்போது சாட்சி சொல்லப் போகிறவர்களும் அண்டை வீட்டாரே. அவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருப்பார்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கண்களுக்குக் கருணையையும், நம் நாவுகளுக்குக் காவலையும், நம் கைகளுக்கு நற்செயலையும் தந்தருள்வானாக! நல்ல சாட்சிகளைப் பெற்றுச் செல்லும் மரணத்தை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.